செட் ஆகலப்பா

மூன்று பத்துக்கு ஊற்றினேன். மூன்று ஐம்பதுக்குக் கழற்றலாம். அவசரப்பட்டால் பல் உடைந்து வந்துவிடும், பல் அச்சு வார்க்கிற கல்மாவு செட் ஆக நாற்பது நிமிஷம் கொடுத்தே ஆகவேண்டும், முப்பத்தொரு வருஷமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து அவர்கள் வருகிறார்கள், சாருமதியைக் கூட்டிப்போக. வரச் சொன்னவனே நான்தான். வியாழக்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா கோதண்டபாணி போன் போட்டு, "என்னங்க சம்பந்தி, பாப்பாவ எப்பங்க அனுப்பறீங்க?" என்று கேட்டார். பல்செட் டெலிவரி எப்போது என்று கேட்கிற டாக்டர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று தானாகவே சொல்லிவிட்டது. தேதி, நேரம், எல்லாம் சொல்லிவிட்டது. சொல்லி முடித்து போனைக் கீழே வைத்தபிறகுதான் பெற்ற மகளைக் கேட்கவில்லையே என்று உறைத்தது. உறைத்தும் கேட்கவில்லை. இன்று காலையில் திலகவதிதான் அவளிடம் சொன்னாள். "சரிம்மா" என்றாளாம். "சரிம்மான்னுட்டுத் துணி மடிக்க ஆரம்பிச்சுட்டா, என்ன பொண்ணுங்க இது" என்று திலகவதி அடுப்படியிலிருந்து என்னைத்தான் திட்டினாள், பெயர் மட்டும் பெண்ணுக்கு. பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினவள். வந்த அன்று இந்த லேப் வாசலில் நின்று, செருப்பைக் கூடக் கழற்றாமல், "எனக்கும் அவருக்கும் செட் ஆகலப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் கையில் மெழுகுப் பல்லோடு தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று பதினைந்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவளிடம் கேட்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்துகொண்டு.

ஏனென்றால் அது என் சொல். இந்தத் தெருவில் அந்தச் சொல்லை என்னைவிட அதிகமாகச் சொன்னவன் கிடையாது. பல்செட்டுக்கார பரமானந்தம் என்றுதானே ஆட்டோக்காரனுக்கு வழி சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் மாவு செட் ஆச்சா, மெழுகு செட் ஆச்சா, கீழ்ச் செட் எங்கே, மேல்செட் எங்கே. அடுப்படியில் திலகவதி, தயிர் செட் ஆகல, இந்தக் குளிருக்கு எங்க செட் ஆகும் என்பாள். யாருக்கு எது ஒத்துவராவிட்டாலும் அதே சொல்தான். திண்டுக்கல் தண்ணி செட் ஆகல என்று மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் தலையைத் தடவிக் காட்டினார், அவருக்கு அது முடி உதிர்வது. எதிர்வீட்டுப் பையனுக்கு எலக்ட்ரிசிட்டி ஆபீஸ் வேலை செட் ஆகவில்லை, அதற்கு அர்த்தம் அங்கே எட்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது. இந்த மூக்குக்கண்ணாடி செட் ஆகவில்லை என்றால் தலைவலி. மாத்திரை செட் ஆகவில்லை என்றால் வயிற்றுப்போக்கு. சாருவுக்குப் புருஷன் செட் ஆகவில்லை என்றால் அது இதில் எந்த மாதிரி? தலைவலி மாதிரியா, வயிற்றுப்போக்கு மாதிரியா, எட்டு மணி நேரம் உட்காருகிற மாதிரியா? சிரிப்பாக இருக்கிறது, சிரித்தால் பயமாகவும் இருக்கிறது. நேற்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்து ஆங்கில அகராதியைத் தேடி எடுத்தேன், அட்டை கிழிந்த தடிப் புத்தகம். ஒரு வரி இருக்கும் என்று பார்த்தால் அந்தச் சின்னச் சொல்லுக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைவதும் அதுவாம். உடைந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும் அதுவாம். எலிப்பொறி வைப்பது, தீ வைப்பது, பூ பிஞ்சு பிடிப்பது, சாப்பிட மேஜையில் தட்டு வைப்பது. வெள்ளைக்காரன் வேறு சொல்லே கிடைக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறான். நாமும் அந்த மூட்டையை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஆளுக்கு ஆள் கை மாற்றிக்கொண்டிருக்கிறோம். எலும்பு என்று பார்த்ததும் எனக்கு வேறு மாதிரி நினைப்பு ஓடியது. அடித்திருப்பானோ? புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அடிக்கவில்லை. சாரு வந்த அன்றே திலகவதி அதைக் கேட்டுவிட்டாள், அவளுக்கு என்னைப் போல வாயில் மெழுகு இல்லை. "அடிக்கிறாராடி? குடிக்கிறாரா? வேற எவளாச்சும் இருக்காளா? மாமியார் ஏதும் பேசுதா?" எல்லாவற்றுக்கும் சாரு "இல்லம்மா, அதெல்லாம் இல்லம்மா" என்றாள். எனக்கு அந்த இல்லை ஒவ்வொன்றும் நிம்மதியாக இருந்தது, அடுத்த நிமிஷமே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மாப்பிள்ளை ஹரிபிரசாத் நல்ல பையன்தான். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். மோட்டார் கம்பெனியில் மேற்பார்வை வேலை, நேரத்துக்கு வீடு, ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுவான். தலைதீபாவளிக்கு வந்தபோது மூன்று நாளில் அவன் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அடக்கமான பிள்ளை என்று நான்தான் தெரு முழுக்கச் சொன்னேன். இப்போது அந்தப் பத்து வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். சாதம் போதும் அத்தை. பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் மாமா. டிவி ரிமோட் எங்க இருக்கு. இதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கு யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? போன வாரம் திலகவதியிடம் சொல்லிப் பார்த்தேன், "போகப் போக எல்லாம் செட் ஆயிடும், நாம செட் ஆகலையா, முப்பது வருஷம்" என்று. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனவள் நின்றாள். "நாம செட் ஆயிட்டோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். கோபமாகக் கூட இல்லை, பால்காரரிடம் கணக்குக் கேட்கிற குரலில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அது வேறு இப்போது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒன்றை விசாரிக்கப் போய் இன்னொன்று கழன்று வருகிறது.

மணி மூன்று முப்பத்திரண்டு. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு ஏற ஆரம்பித்திருக்கிறது. கல்மாவு இறுகும்போது சுடும், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி, பிறகு ஆறும், ஆறினால்தான் கழற்ற வேண்டும். இது சாருவின் வாய். மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தவள் முருங்கைக்காயைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் எழுந்தால் வாயே திறக்க முடியவில்லை, காது வரைக்கும் வலிக்கிறது என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது, நைட் கார்டு, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே போட்டுக்கொண்டு படுக்கிற பிளாஸ்டிக் தகடு. ஏற்கனவே ஒன்று செய்து கொடுத்திருந்தேன், தொலைந்துவிட்டது என்றாள். சரி, இன்னொன்று செய்துவிடலாம், முடித்து கூரியரில் அனுப்பலாம், போகிற இடத்தில் போட்டுக்கொண்டு படுக்கட்டும் என்று எனக்கு ஒரே உற்சாகம். பதினைந்து நாளில் முதல்முறையாக என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, பவுடரைக் குழைத்து, வாய்க்குள் வைத்து அழுத்துகிற தட்டில் அப்பி, அளவு எடுத்தேன். மேல்வாய், கீழ்வாய். என் கை சுத்தமாக வேலை செய்தது, ஒரு குமிழி இல்லை. கார்டு போட்டால் கடிப்பது நிற்குமா என்று யாராவது கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்வேன், நிற்காது, பல் தேயாது, அவ்வளவுதான். கடிப்பவர்கள் தகட்டைக் கடிப்பார்கள். ஆறு மாதத்தில் தகடு தேய்ந்து வரும், வேறு செய்து கொடுப்போம். இதை யோசித்தபோது கை கிண்ணத்தின் மேலேயே இருந்தது, சூட்டில் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு மனுஷ முகம் தெரியாது, வாய்தான் தெரியும். டாக்டர்கள் அளவு அனுப்புவார்கள், நான் அச்சு வார்த்து அடியில் பென்சிலால் பெயர் எழுதி அடுக்குவேன், ஆளைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அச்சைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், இவர் இடது பக்கம் மட்டும் மெல்லுகிறவர், இவர் பென்சில் கடிக்கிறவர், இந்தம்மாள் மனசில் வைத்துக்கொண்டு குமைகிறவர் என்று. டாக்டர்கள் சிரிப்பார்கள், கடைசியில் சரியாகத்தான் இருக்கும். செட் பொருந்தவில்லை என்று திரும்ப வருபவர்களை மட்டும் சில சமயம் இங்கேயே அனுப்பிவிடுவார்கள். நானும் ஒரே பாட்டுத்தான் பாடுவேன், பதினைந்து நாள் போட்டால் பழகிடும் ஐயா. பழகிடும் அம்மா. ரிட்டயர்ட் விஏஓ ஒருவர், சாமுவேல் ஐயா, நான்கு வருஷம் கழித்து ஒருநாள் வந்தார், செட் பளபளவென்று புதிதாக இருந்தது. "சாப்பிடும்போது மட்டும் கழட்டி வெச்சிருவேன் தம்பி, மத்தபடி ஒண்ணும் தொந்தரவு இல்ல" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்போது ஈறில் ஒரு வெள்ளைத் தடம் தெரிந்தது, செட்டின் ஓரம் அழுத்தி அழுத்திப் புண்ணாகிக் காய்ந்த இடம். ஏன் ஐயா முதலிலேயே வரவில்லை என்று கேட்டேன். "நீங்கதான தம்பி பழகிடும்னீங்க" என்றார். எவ்வளவு மரியாதையான மனுஷன். வலித்ததை என்மேல் உள்ள நம்பிக்கையில் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அவரை ஏன் இப்போது நினைக்கிறேன்? கார் எங்கே வருகிறதோ, ஒட்டன்சத்திரம் தாண்டியிருக்கும். கோதண்டபாணி முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார், தாம்பூலத் தட்டில் வைக்க ஆப்பிள் வாங்கியிருப்பார். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நான் என்ன சொல்லவேண்டும்? கூட்டிட்டுப் போங்க என்றா? நாள் குறித்துக் கொடுத்துவிட்டு இப்போது இல்லை என்றால் கேட்க மாட்டார்களா, ஏன் என்று? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? செட் ஆகலையாம் என்றா? அப்படியென்றால் என்னங்க சம்பந்தி என்று அவர் கேட்டால், எனக்குத் தெரியாதே. பெற்ற அப்பனுக்குத் தெரியாதே. சொல்லவேண்டியதை விட்டு அவர்கள் கேள்விக்கு பதில் தேடுகிறேன் பார்.

மூன்று ஐம்பது. கழற்றினேன். நன்றாக வந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பார்த்ததும் இது இவள் வாய்தானா, வேறு யாருடையதையும் மாற்றி ஊற்றிவிட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. கோரைப்பல் இரண்டுக்கும் கூரே இல்லை. கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளமெல்லாம் அரைத்த மாதிரி மட்டமாகக் கிடக்கிறது. அறுபது வயசுக்காரி வாய். இவளுக்கு இருபத்தேழு. பதறிக்கொண்டு அலமாரியில் பழைய அச்சைத் தேடினேன், முன்னால் கார்டு செய்தபோது வார்த்தது. மற்றவர்களுடையதை எல்லாம் உடைத்துப் போட்டுவிடுவோம், இவளுடையதைப் போட மனசு வராமல் மேல்தட்டில் வைத்திருந்தேன். காலேஜ் படிக்கும்போது பரீட்சை பயத்தில் கடிப்பாள், அப்போது செய்தது, அதனால் இதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை, பிறவிப் பழக்கம் என்று மத்தியானத்திலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்துத் தூசி ஊதினேன். கூர் லேசாக மழுங்க ஆரம்பித்திருக்கிறது, ஒரு பக்கம் மட்டும். அடியைத் திருப்பினேன். என் கையெழுத்து, பென்சில். சாரு, மே 12. போன வருஷம். கல்யாணம் மே 29. காலேஜ் இல்லை. பரீட்சை இல்லை. கல்யாணத்துக்குப் பதினேழு நாள் முன்னால். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கும் இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகை கொடுக்கப் போகவேண்டும் என்று நான் அவசரத்தில் இருந்தேன், பவுடரைக் குழைத்துவிட்டேன், குழைத்தால் ஒரு நிமிஷத்துக்குள் வாயில் வைத்தாகவேண்டும். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஆ காட்டு, அப்புறம் பேசலாம்" என்று தட்டை வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிஷம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, தட்டு வைத்தால் எல்லாருக்கும் வரும், குமட்டல் என்று நினைத்தேன். எடுத்ததும் துப்பிவிட்டு, "எனக்கும் அவருக்கும் செட் ஆகுமான்னு தெரியலப்பா, போன்ல பேசினா" என்று ஏதோ ஆரம்பித்தாள். அளவு எடுத்தால் உடனே மாவு ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் சுருங்கிவிடும், நான் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு குழைத்தேன், கலக்குகிற மெஷினைப் போட்டேன். "எல்லாம் செட் ஆயிடும்மா" என்று சத்தமாகச் சொன்னேன், மெஷின் சத்தத்தில் கேட்கவேண்டுமே. நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லை அவள் கையில் கொடுத்து அனுப்பியவன் நான். அதையே திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள், செருப்பைக் கூடக் கழற்றாமல். இன்று மத்தியானம்? இன்று ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆ காட்டு என்று சொல்லவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டை நான் கையில் எடுப்பதற்கு முன்பே, வாயைத் தானாகத் திறந்துகொண்டாள். சமர்த்துப் பெண் என்று நினைத்தேன். என் கையில் இரண்டு அச்சும் இருக்கிறது, ஒன்று ஆறிப்போனது, ஒன்று இன்னும் வெதுவெதுப்பாக. என் பெண்ணே, என் பெண்ணே, ராத்திரி ராத்திரி என்னத்தைக் கடித்து விழுங்கினாய்?

மணி என்ன என்று பார்க்கவில்லை. லேப்பிலிருந்து வீட்டுக்குள் போக ஆறு எட்டுத்தான், அதற்குள் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது, அவள் ஒன்றுமில்லப்பா என்றுவிட்டால் என்ன செய்வது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு மூலையில் இருந்தது, இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை கட்டி, தலை வாரி, பையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. என் கையெல்லாம் மாவு. எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "கார்டு ரெடியாயிடுச்சாப்பா?" என்றாள். "இல்ல" என்றேன். "செய்யப் போறதில்ல." அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் அடுத்து என்ன என்று தெரியவில்லை. "நீ அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி. நான் கேக்கல. அப்பா கேக்கல, தப்பு என்மேலதான். இப்பச் சொல்லு." வெளியே கார் நிற்கிற சத்தம், கதவு ஒன்று, இரண்டு, மூன்று. கோதண்டபாணியின் குரல், "சம்பந்தி இருக்காருங்களா?" திலகவதி அறை வாசலுக்கு வந்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், "வந்துட்டாங்க" என்றாள். "உக்காரச் சொல்லு" என்றேன். "பாப்பா இன்னைக்கு வரலைன்னு சொல்லு. காரணம் கேட்டா, அவ எங்கப்பாகிட்டப் பேசிட்டு இருக்கான்னு சொல்லு." தப்பாகச் சொல்லிவிட்டேன், அவங்கப்பாகிட்ட என்றிருக்கவேண்டும், திலகவதி திருத்தவில்லை, தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாரு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆரம்பித்தாள், மெதுவாக, தாடை வலியோடு, ஒவ்வொரு சொல்லாக. "அவர் கெட்டவர் இல்லப்பா. திட்ட மாட்டார், கத்த மாட்டார். நான் ஏதாச்சும் பேச ஆரம்பிச்சா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தக் கூட்டுவார். எது பேசினாலும். அவ்ளோதாம்ப்பா. வேற ஒண்ணும் இல்ல." அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள், "முதல் ஆறு மாசம் எனக்கு அது தப்பாவே தோணலப்பா. நம்ம வீடு மாதிரிதான இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."